சுட்டவனுக்கல்லவா மெடல்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2007-ல் ஒரு குடிநீர் வாரியக் கூட்டம். புதிதாக ஜெயித்து வந்த ஸேவியர் ஆல்வரெஸ் என்ற உறுப்பினர் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக் கொண்டார். மரைன் படையில் 25 வருஷ ஸர்வீஸாம். 1987-ல் 'மெடல் ஆஃப் ஆனர்' வாங்கினாராம். பல தடவை காயம் பட்டதாம், அதுவும் ஒரே எதிரியின் கையால்!

'மெடல் ஆஃப் ஆனர்' என்பது நம்ம பரம்வீர் சக்ரா மாதிரி. ஒரே ஆளைத் துரத்தித் துரத்திச் சுட்டானே, அவனுக்கல்லவா மெடல் கொடுத்திருக்க வேண்டும்? விசாரித்தால், ஸார் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. பிரபல டீமில் ஐஸ் ஹாக்கி ஆடியதாகவும், மெக்ஸிகோ நடிகை ஒருத்தியைக் கல்யாணம் செய்ததாகவும் வேறு அளந்திருக்கிறார். (தண்ணீர் சப்ளை எப்படியோ, கதை சப்ளை தாராளம்.)

வாங்காத மெடலை வாங்கியதாகச் சொன்னாலே குற்றம் என்று 2005-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருந்தது. அதில் மாட்டினார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2012-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு: பொய் கேவலம்தான், ஆனால் வெறும் பொய்க்காகத் தண்டிப்பது பேச்சுரிமைக்கு விரோதம். சட்டமே ரத்து! நீதிபதி கென்னடி ஒரு யோசனை சொன்னார். மெடல் வாங்கியவர்கள் பட்டியலை அரசாங்கம் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தால் போதும், பொய் தானாக வெளுத்துவிடும் என்று. 2013-ல் வந்த புதுச் சட்டப்படி, பணமோ வேறு பலனோ அடைவதற்காகப் புளுகினால்தான் குற்றம்.

ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் வவுச்சருக்கு டிக் அடித்தவன் நான். கென்னடியின் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வீராதி வீரர்களைப் பிடிப்பது துப்பாக்கி இல்லை ஸார், ஃபைல்! டல்லாஸில் பர்க்கெட் என்று ஒரு ஷேர் புரோக்கர். வியட்நாம் போய் வந்தவர். தகவல் உரிமைச் சட்டப்படி பழைய ராணுவ ஃபைல்களைக் கேட்டு வாங்கியே ஏகப்பட்ட போலிகளை அம்பலப்படுத்தி, 1998-ல் புத்தகமே போட்டார்.

போலிகளிடம் சால்ஜாப்பும் ரெடி. "என் ஃபைல் எரிஞ்சு போச்சு!" செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973-ல் நிஜமாகவே தீப்பிடித்து 1.6 கோடிக்கு மேல் ஃபைல்கள் நாசமாயின. ஆனால் எரிந்தவை தரைப்படை, விமானப்படை ஃபைல்கள். நேவி ஸீல் கமாண்டோ என்று பீற்றுகிறவர் கடற்படை ஆள். அவர் வேறு தீயைத்தான் தேட வேண்டும்!

கவனித்தீர்களா? யாருமே 'நான் பட்டாளத்தில் சமையல்காரன்' என்று பொய் சொல்வதில்லை. கமாண்டோதான். ஏன்? நம் முகத்தைப் பார்த்துத்தான்.

என் மாமா ராணுவத்தில் 15 வருஷம் கிளார்க். கல்யாண வீடுகளில் யாராவது ஆவலாகக் கேட்பார்கள்: "எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"சுடலீங்க. லீவு ஆர்டர் டைப் அடிச்சேன்."

"ஓ..." என்று அவர் பந்திக்கு இடம் பார்க்கப் போய்விடுவார்.

அந்த லீவு ஆர்டர் வராவிட்டால் எத்தனை ஜவான்கள் தங்கை கல்யாணத்துக்கு வந்திருக்க முடியும்? இதையெல்லாம் மாமா சொல்ல மாட்டார். கொஞ்ச நாளில், "சென்ட்ரல் கவர்மென்ட்ல இருந்தேன்" என்பதோடு நிறுத்திக் கொண்டார். இல்லாத பட்டாளத்தை ஒருத்தர் மேடையில் அளக்கிறார்; இருந்த பட்டாளத்தை இவர் மறைக்கிறார்.

அடுத்த முறை யாராவது, "மிலிட்டரில குக்கா இருந்தேன் தம்பி" என்றால் நழுவாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "எத்தனை பேருக்கு சமைச்சீங்க ஸார்?" என்று கேளுங்கள்.