15 வயதில் ஆரம்பித்த நட்பு... இன்னும் ஓயாத பியானோ! பால்டிக் கடலோர ஊரின் ஜாஸ் கதை

போலந்தின் துறைமுக நகரமான கதான்ஸ்க்கிலிருந்து மேற்கே கிளம்பும் ரயில், காடுகளையும் வயல்களையும் கடந்து போகிறது. பால்டிக் கடல் வலது பக்கம்தான் இருக்கிறது. ஆனால், ஜன்னலில் தெரியாது. இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ஸ்வாவ்னோ என்றொரு சிற்றூர் வரும். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இங்கே இறங்குவதில்லை. அதற்கு அடுத்த பெரிய நிறுத்தம் கோஷாலின்.

இந்த இரண்டு ஊர்களையும் உலகத்தின் ஜாஸ் ரசிகர்களுக்குத் தெரியும். ஸ்வாவ்னோவில் 1975-ல் பிறந்தவர் பியானோ கலைஞர் மார்ச்சின் வசிலெவ்ஸ்கி. அதே ஆண்டு கோஷாலினில் பிறந்தவர் டபுள் பேஸ் வாசிக்கும் ஸ்வாவோமிர் குர்கியேவிச். இவர்களோடு டிரம்ஸ் கலைஞர் மிஹாவ் மிஷ்கியேவிச்சும் சேர்ந்ததுதான் 'மார்ச்சின் வசிலெவ்ஸ்கி ட்ரியோ'. மூன்றே பேர், மூன்றே கருவிகள். பாடகர் கிடையாது. சத்தம்கூட அதிகம் கிடையாது.

பெயர் மாறிய ஊர்

கோஷாலினில் சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கிறார்கள். நடுவில் செங்கல்லால் கட்டிய பழைமையான கத்தீட்ரல், ஊரின் ஓரத்தில் ஹெல்ம்ஸ்கா குன்று. குன்றின் உயரம் சுமார் 137 மீட்டர்தான். மேலே இருக்கும் பார்வைக் கோபுரத்தில் ஏறினால் காடு, ஏரி, அதற்கப்பால் கடல் என மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

1945 வரை இது ஜெர்மனியின் ஊர். பெயர், கோஸ்லின். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்தது. ஜெர்மானியர்கள் வெளியேற, பல திசைகளிலிருந்து வந்த போலந்துக் குடும்பங்கள் இங்கே குடியேறின. பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் அதிகம் இல்லாத ஊரில், எல்லோரும் புதிதாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அப்படித் தொடங்கிய ஊரில் ஒரு நல்ல இசைப்பள்ளியும் இருந்தது.

1990-ல் அந்த இசைப்பள்ளியில்தான் வசிலெவ்ஸ்கியும் குர்கியேவிச்சும் சந்தித்தார்கள். இருவருக்கும் 15 வயது. போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 'சிம்பிள் அக்கூஸ்டிக் ட்ரியோ' என்ற பெயரில் வாசிக்க ஆரம்பித்தார்கள். 1993-ல் மிஷ்கியேவிச் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 16. அப்பா ஹென்ரிக் மிஷ்கியேவிச் பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் என்பதால், ஜாஸ் அந்தப் பையனுக்கு வீட்டு மொழி மாதிரி.

பெயரை மறைத்த டாக்டர்

இவர்களுடைய முதல் ஆல்பம் 1995-ல் வந்தது. பெயர், 'கொமேடா'. ஆல்பம் முழுக்க ஒரே ஒருவருடைய இசை. அவரைத் தெரிந்துகொள்ள போஸ்னான் நகரத்துக்குப் போக வேண்டும்.

1950-களின் தொடக்கத்தில் போலந்து அரசுக்கு ஜாஸ் பிடிக்காது. அது அமெரிக்காவின் இசை, எதிரி நாட்டின் ரசனை! அதனால் ரசிகர்கள் வீடுகளுக்குள் கூடி வாசித்தார்கள். அந்தக் காலத்தை 'நிலவறைக் காலம்' என்றே போலந்து இசை உலகம் இன்றும் அழைக்கிறது. போஸ்னானில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த கிஷிஸ்டோஃப் ட்ஷின்ஸ்கி அப்படிப்பட்ட ஒரு ரசிகர், பியானோ கலைஞரும்கூட. தான் ஜாஸ் வாசிப்பது மருத்துவமனையில் தெரியக் கூடாது என்பதற்காக மேடையில் 'கொமேடா' என்ற பெயரை வைத்துக்கொண்டார்.

1956-ல் பால்டிக் கரையில் இருக்கும் சோபோட் நகரில் ஜாஸ் விழா நடந்தபோது, மூடியிருந்த கதவு திறந்தது. கொமேடாவின் குழு அங்கே வாசித்தது. பிறகு அவர் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேர இசைக்கலைஞர் ஆனார். ரோமன் போலான்ஸ்கியின் படங்களுக்கு இசையமைத்தார். 1968-ல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தின் தாலாட்டு அவருடையதுதான். கேட்கக் கேட்க இனிக்கும், கூடவே ஏதோ ஒரு பயமும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டே, 38 வயதை எட்டும் முன்பு, தலையில் ஏற்பட்ட காயத்தால் கொமேடா இறந்துபோனார்.

கொமேடா பெயரை மறைத்து வாசித்த இசையை, கோஷாலின் பையன்கள் அவர் பெயரையே அட்டையில் போட்டு வெளியிட்டார்கள். அப்போது டிரம்ஸ் கலைஞருக்கு 18 வயதுதான்.

குரு கிளம்பிய பிறகு...

கொமேடாவின் குழுவில் டிரம்பெட் வாசித்த இளைஞர் டொமாஷ் ஸ்டான்கோ. பின்னாளில் ஐரோப்பிய ஜாஸின் பெரிய பெயர்களில் ஒருவர் ஆனவர். 1994-ல், 50 வயதைத் தாண்டியிருந்த ஸ்டான்கோ இந்த மூன்று பையன்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கும் ஈ.சி.எம். நிறுவனத்துக்காக நால்வரும் வாசித்த ஆல்பங்கள் 2002, 2004, 2006-ல் வந்தன. உலக மேடைகள் திறந்தன.

பிறகு ஸ்டான்கோ வேறு நாட்டுக் கலைஞர்களோடு புதிய குழுக்களை அமைத்தார். இசை உலகில் இது சகஜம். தலைவர் கிளம்பினால் குழு கலையும், ஆளுக்கொரு திசை என்று ஆகும். இங்கே அது நடக்கவில்லை. மூவரும் சேர்ந்தே இருந்தார்கள்.

2005-ல் ஈ.சி.எம். வெளியிட்ட 'ட்ரியோ' ஆல்பத்தின் அட்டையில் மூன்று பேரின் பெயர்களும் இருந்தன. 2008-ல் வந்த 'ஜனவரி' ஆல்பத்திலிருந்து குழு பியானோ கலைஞரின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒருவர் பெயர் மட்டும் முன்னால் வரும்போது நட்பில் விரிசல் விழுவதற்கு எத்தனையோ உதாரணங்கள் உண்டு. இவர்களோ, 2021-ல் வெளியான 'ஆன் அத்தாந்தான்' ஆல்பத்தில், அங்கேயே கற்பனையாக வாசித்த 'இன் மோஷன்' என்ற மூன்று பாகங்களை மூவர் பெயரிலும் போட்டிருக்கிறார்கள். அப்போதும் அதே மூன்று பேர்தான்!

என்ன கேட்க வேண்டும்?

ஜாஸ் புதிது என்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பாப் பாடகர் பிரின்ஸின் 'டைமண்ட்ஸ் அண்ட் பேர்ல்ஸ்' பாடலை 'ஜனவரி' ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள். 'ட்ரியோ'வில் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் பாடல் உண்டு. பாக் இசையும் இவர்கள் ஆல்பத்தில் இருக்கிறது. தெரிந்த பாட்டில் ஆரம்பித்தால் போதும்.

ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் பியானோவை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை பியானோவை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேஸைப் பின்தொடருங்கள். அது தாளத்தைத் தாங்குவதோடு, பல இடங்களில் பியானோவுக்குப் பதிலும் சொல்கிறது. மூன்றாவது முறை டிரம்ஸ். குச்சிக்குப் பதில் மெல்லிய பிரஷ், அடிக்குப் பதில் உரசல். ஒரு சுரம் முழுவதும் அடங்கும்வரை அடுத்தவர் காத்திருப்பது அப்போது புரியும்.

இந்த அமைதிதான் இவர்கள் சொத்து. அதைப் பழக்கத்தால் மட்டும் கொண்டுவர முடியாது. புதிதாகச் சந்தித்தவர்கள் பேச்சு நின்றால் சங்கடப்படுவார்கள். எதையாவது சொல்லி இடைவெளியை நிரப்பப் பார்ப்பார்கள். பல வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 15, 16 வயதில் சேர்ந்தவர்கள் 40-களின் நடுவிலும் ஒன்றாக வாசிக்கும்போது, யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. அவர்கள் விடும் இடைவெளியில் அந்த நம்பிக்கை கேட்கிறது.

கல்லறையும் கடலும்

வார்சா போகிறவர்கள், நகரில் ஆங்காங்கே இருக்கும் சோப்பன் பெஞ்சுகளில் உட்காரலாம். பட்டனை அழுத்தினால் அவருடைய பியானோ இசை ஒலிக்கும். அதே நகரின் பொவோன்ஸ்கி ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் கொமேடாவும், 2018-ல் மறைந்த ஸ்டான்கோவும் இருக்கிறார்கள். நவம்பர் 1 அன்று போலந்து மக்கள் குடும்பத்தோடு கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றுவார்கள். அன்று மாலை அந்தத் தோட்டம் முழுக்கத் தீபங்கள்தான்.

கோஷாலினுக்கே வருகிறவர்களுக்குக் கடல் பத்து கிலோமீட்டர்தான். யாம்னோ ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு மணல் திட்டில் இருக்கிறது மியெல்னோ. ஜூலை, ஆகஸ்ட்டில் போனால் வறுத்த மீன் வாசனை, வாஃபிள் கடை வரிசை, குழந்தைகள் சத்தம். அமைதி வேண்டுமென்றால் செப்டம்பருக்குப் பிறகு போக வேண்டும். அப்போது கரையில் நடப்பவர்கள் சிலர்தான்.

கொமேடாவின் அந்தத் தாலாட்டை இந்த மூவரும் முதல் ஆல்பத்தில் வாசித்தார்கள். கிட்டத்தட்ட 20 வருடம் கழித்து, 2014-ல் வந்த 'ஸ்பார்க் ஆஃப் லைஃப்' ஆல்பத்தில் மறுபடியும் வாசித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான். நடுவில் வளர்ந்திருப்பவர்கள் மூன்று பேர்.