புடவை சிவந்தது... அக்கா எங்கே போனாள்?

டிஜிட்டல் டெஸ்க்கில் என் நாளின் பாதி படங்களோடுதான் கழிகிறது. வருகிற படத்தை வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, தலைப்போடு ஏற்ற வேண்டும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் 'சாச்சுரேஷன்' என்று ஒரு கோடு இருக்கும். அதை வலப்பக்கம் இழுத்தால் வயல் பச்சைப்பசேல் ஆகும்; வானம் நீலத்தில் முங்கும். ஒருமுறை இழுத்துப் பழகினால் கை நிற்காது.

"இயற்கையான நிறம்னு ஒண்ணு கேமராவுல கிடையவே கிடையாது" என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் பாதி உண்மை. கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதன்மேல் நுண்ணிய வடிகட்டிகளைப் பதித்திருப்பார்கள். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் உருவாக்கிய இந்த அமைப்புக்கு 1976-ல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியிலும் மிச்ச இரண்டு நிறங்களைக் கணக்குப் போட்டுத்தான் கேமரா நிரப்புகிறது.

ஃபிலிம் காலமும் இப்படித்தான். 1990-ல் வந்த ஃபியூஜியின் 'வெல்வியா' ஃபிலிம், அழுத்தமான நிறங்களுக்காகவே மலை, காடு எடுப்பவர்களின் செல்லமானது. ஆனால், மனித முகங்களை எடுக்க அதைப் பலரும் தவிர்த்தார்கள்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது.

என் அக்கா கறுப்பு. அவளுடைய கல்யாண ஆல்பத்தில் அரக்கு நிறப் பட்டுப்புடவை ரத்தச் சிவப்பாக ஜொலிக்கிறது. சிவப்பு அதன் உச்ச அளவான 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்குமேல் நுணுக்கம் கிடையாது. மடிப்பு, நெசவு எல்லாம் ஒரே பரப்பாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. பழுப்புத் தோலில் சிவப்பும் மஞ்சளும்தான் தூக்கலாக இருக்கும். மொத்தப் படத்துக்கும் நிறத்தைக் கூட்டினால் முகத்தில் ஆரஞ்சு ஏறிவிடும். அதை மறைக்க ஸ்டூடியோவில் அவள் முகத்தை வெளுத்தே விட்டார்கள்.

ஆல்பத்தைப் புரட்டிய அவளுடைய நாலு வயது மகள், "இந்த ஆன்ட்டி யாரும்மா?" என்று கேட்டாள். "நான்தான்டி" என்று சொல்ல அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நிறத்தைக் கூட்டினால் படம் அழகாகும் என்ற எண்ணத்துக்குள், 'உன் நிறம் போதாது' என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. 2021-ல் பிக்ஸல் 6 போனில், கறுத்த தோலையும் உள்ளபடி காட்டுவதற்கென்றே 'ரியல் டோன்' என்ற வசதியை கூகுள் கொண்டுவந்தது. அப்படி ஒன்று தனியாகத் தேவைப்பட்டதே, கேமராக்கள் நம்மை அதுவரை எப்படிப் பார்த்தன என்பதற்குச் சாட்சி.

வண்ணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூக்கடை, கோலம், கொலு... கொஞ்சம் கூட்டினால் குற்றமில்லை. படத்தில் மனிதர்கள் இருந்தால் மட்டும் சாச்சுரேஷனை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் 'வைப்ரன்ஸ்' கோட்டைத் தொடுங்கள். அது மங்கிய நிறங்களைத் தூக்கிவிடும். தோலின் நிறத்தை அவ்வளவாகச் சீண்டாது. பின்னணியைப் பார்த்து அளவு வைக்காமல், முகத்தைப் பார்த்து வையுங்கள்.

அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால், ஆல்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "எங்க பொண்ணு நிறத்துல மட்டும் கை வைக்காதீங்க."