வெளியே தெரியாத காயம்

கைகால்களில் படும் காயம் இரத்தம் சிந்தித் தன்னை அறிவித்துவிடுகிறது. எலும்பு முறிந்தால் வலியும் வீக்கமும் அதனைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் தோலில் ஒரு கீறலும் இல்லாமல் உடலின் உட்சுவர் கிழிந்து, அக்கிழிவு மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக, மறைந்தே இருப்பதும் உண்டு. உதரவிதானக் கிழிவு அத்தகையது. மருத்துவர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதாது. குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதை எங்கள் இல்லத்து அனுபவம் உணர்த்தியமையால் இதனை எழுதுகிறோம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே படைத்தவர் ஒரு தடுப்பை அமைத்திருக்கிறார். கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய தசை அது. அதற்கு மேலே இதயமும் நுரையீரல்களும் உள்ளன. கீழே இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், குடல் ஆகியவை உள்ளன. இத்தசை கீழே இறங்கும்போது நுரையீரல் விரிந்து மூச்சு உள்ளே வருகிறது. தளர்ந்து மேலே எழும்போது மூச்சு வெளியேறுகிறது. நாம் உறங்கினாலும், ஆலயத்தில் முழந்தாளிட்டு அமைதியாயிருந்தாலும், நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை அது அசைந்துகொண்டே இருக்கிறது. ஓய்வறியாத இந்த உழைப்பே, அது கிழிந்தால் தானாகக் கூடாமைக்கும் ஒரு காரணம். கிழிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறுவதற்கு அவற்றிற்கு ஏது அவகாசம்?

நீர் நிறைந்த பையை ஓங்கி அழுத்தினால் அதன் வலுவற்ற பக்கம் பிய்ந்துவிடும். அதுபோலவே, உயரத்திலிருந்து விழும்போதோ, வாகன விபத்தில் வயிறு நசுங்கும்போதோ, வயிற்றினுள் அழுத்தம் திடீரென உயர்ந்து உதரவிதானம் கிழிகிறது. பெரும்பாலும் இடப்பக்கமே கிழிகிறது; வலப்பக்கத்திற்குக் கல்லீரல் ஒரு மெத்தைபோல் காப்பளிக்கிறது. மார்பினுள் அழுத்தம் வயிற்றினுள் இருப்பதைவிடக் குறைவு. ஆகையால் கிழிவு ஏற்பட்டபின் ஒவ்வொரு மூச்சும் இரைப்பையையோ குடலையோ சிறிது சிறிதாக மேலே இழுக்கிறது. குடலிறக்கம் என்ற சொல்லை நாம் அறிவோம். இதுவோ குடல் மார்புக்குள் ஏறிவிடும் விபரீதம்!

மருத்துவ உலகிற்கு இது புதிதன்று. பிரெஞ்சு மன்னர் நால்வருக்கு அறுவை மருத்துவராயிருந்த அம்புருவாஸ் பாரே என்பவர், படைத்தலைவர் ஒருவரின் கதையை 1579இல் எழுதிவைத்தார். குண்டடிபட்டுப் பிழைத்த அவர், எட்டுத் திங்கள் கழித்துக் கடுமையான வயிற்றுவலியால் மாண்டார். உடலைத் திறந்து பார்த்தபோது, சுண்டுவிரல் நுனியே நுழையக்கூடிய ஒரு துளை வழியாகப் பெருங்குடல் மார்பினுள் சென்று சிக்கியிருந்தது. அது குண்டு துளைத்த காயம். நசுங்கலால் ஏற்படும் கிழிவோ பெரும்பாலும் பல அங்குல நீளமுள்ளது. ஆயினும் படிப்பினை ஒன்றே: புண் ஆறிற்று என்று எல்லாரும் மறந்தபின் ஆபத்து வந்தது.

இதன் போக்கை மூன்று கட்டங்களாக 1974இல் அமெரிக்க மருத்துவர் கிரைம்ஸ் வகுத்துக் காட்டினார். முதலாவது, விபத்தை ஒட்டிய கட்டம். அப்போது பிற காயங்கள் கவனத்தைக் கவர்ந்துகொள்கின்றன. இரண்டாவது, மறைந்திருக்கும் கட்டம். உணவுக்குப்பின் மார்பில் பாரம், படுத்தால் மூச்சுமுட்டு, இடத்தோளில் வலி, அடிக்கடி செரியாமை போன்றவை தோன்றலாம், ஒன்றும் தோன்றாமலும் போகலாம். மூன்றாவது, சிக்கிய குடல் அடைபட்டு, இரத்த ஓட்டம் நின்று அழுகும் கட்டம். அதுவே உயிருக்கு உலை வைப்பது.

எங்கள் மைத்துனர் கட்டட வேலை செய்பவர். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தார். இடப்பக்க விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. சில வாரங்களில் தேறி வேலைக்குத் திரும்பினார். ஐந்து ஆண்டுகளுக்குப்பின், உண்டதும் மார்பு அடைக்கிறது என்றார். இதயநோயோ என்று அஞ்சி இ.சி.ஜி. எடுத்தோம், குறையொன்றும் தெரியவில்லை. செரிமானத்திற்கு மருந்து உண்டார். ஒரு நள்ளிரவில் வாந்தியும் மூச்சுத்திணறலும் அதிகரிக்கவே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். எக்ஸ்ரே படத்தைக் கண்டவர்கள், இட மார்பில் நீர் கோத்திருக்கலாம், ஊசியிட்டு எடுக்கலாம் என்றனர். அவ்வேளை வந்த மூத்த மருத்துவர் படத்தை நெடுநேரம் நோக்கிவிட்டு, எங்களைப் பார்த்து, "இவர் முன்பு எப்போதாவது உயரத்திலிருந்து விழுந்ததுண்டா?" என்று வினவினார்.

எங்கள் அத்தை, "ஐந்து வருஷத்துக்கு முன்னே சாரத்திலிருந்து விழுந்தான், ஐயா. அதெல்லாம் அப்போதே ஆறிவிட்டதே!" என்றார்கள்.

அந்த ஒரு விடை எல்லாவற்றையும் மாற்றிற்று. ஊசியை விலக்கிவைத்தார்கள். மார்பினுள் இருப்பது நீரன்று, இரைப்பை என்றால் ஊசி அதனையே துளைத்துவிடும் அன்றோ? மூக்கின் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி மீண்டும் படம் எடுத்தார்கள். வயிற்றிற்குச் சென்றிருக்க வேண்டிய குழாய், வளைந்து மார்பினுள் ஏறி நின்றது. சி.டி. ஸ்கேன் ஐயத்தை முற்றிலும் நீக்கிற்று.

இந்நோயைக் கண்டறியும் கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1816இல் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, இதயத்துடிப்பு மானியைத் தோற்றுவித்த லென்னக், பக்திமிக்க கத்தோலிக்கர். மூச்சொலி கேட்க வேண்டிய இடத்தில் குடலின் இரைச்சல் கேட்டால் மருத்துவர் விழித்துக்கொள்வார். 1895இல் ரோன்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இத்தனை இருந்தும், விபத்து நடந்த அன்றே எடுக்கும் படத்தில் கிழிவு தெரியாமல் போவதுண்டு. எனவேதான் பழைய விபத்தைப் பற்றிய வினாவிற்கும் விடைக்கும் இத்துணை மதிப்பு.

இதற்கு மருந்து மாத்திரை இல்லை, அறுவையே வழி. விபத்தை ஒட்டிய நாள்களில் பெரும்பாலும் வயிற்றைத் திறந்து செய்கிறார்கள். பிற உறுப்புகளில் காயம் உண்டா என்றும் அப்போது பார்த்துவிடலாம். நாள்பட்டிருந்தால் ஏறிய உறுப்புகள் மார்பினுள் ஒட்டிக்கொள்வதால், மார்பு வழியாகவும் செல்ல நேரிடும். உறுப்புகளை மெல்லக் கீழிறக்கி, கரையாத நூலால் கிழிவைத் தைக்கிறார்கள்; இடைவெளி மிகப் பெரிதாயின் வலையொன்றை வைத்துத் தைப்பதுண்டு. எங்கள் மைத்துனருக்கு அறுவைக்கு முன் பங்குத்தந்தை நோயில்பூசுதல் வழங்கினார். "சாகப்போகிறவனுக்குத்தானே இது?" என்று உறவினர் சிலர் கலங்கினர். கடும் நோயிலும் பெரிய அறுவைக்கு முன்னும் பெறத்தக்க திடப்படுத்தும் அருள் அது என்று தந்தை விளக்கினார். இரைப்பையின் பெரும்பகுதியும் குடலின் ஒரு பகுதியும் மேலே ஏறியிருந்தன. நல்ல வேளையாக எதுவும் அழுகவில்லை. அவர் நலமாக இல்லம் திரும்பினார். இறைவனுக்கு நன்றி.

நம் ஊர்களில், குழந்தை விழுந்தபின் வாந்தியெடுத்தால் 'குடலேற்றம்' என்று கூறி, எண்ணெய் தடவி வயிற்றை நீவித் தட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்பெயரும் இந்நோயும் ஒன்றல்ல. ஆயினும் அடிபட்ட வயிற்றை அழுத்தி நீவுவது பேராபத்து. உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருந்தால் இரத்தப்போக்கு மிகும். வயிற்றில் பலத்த அடி பட்டவருக்கு உண்ணவும் பருகவும் கொடாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெளியே காயமில்லை என்று திருப்தியடைந்துவிடக் கூடாது. முன்பு பெரிய விபத்துக்குள்ளான பெண்கள் கருவுற்றால் அதனை மருத்துவரிடம் கூறவேண்டும். வயிற்றினுள் அழுத்தம் கூடும் அக்காலத்தில் மறைந்திருந்த கிழிவு வெளிப்படுவதுண்டு.

நல்ல சமாரியர் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு அவர் தம் கடமை முடிந்ததாகக் கருதவில்லை. சாவடிக்குக் கொண்டுசென்று இரவெல்லாம் பேணினார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, தாம் திரும்பி வருவதாகவும் சொன்னார். கட்டுப் போட்டபின்னும் தொடரும் அந்தக் கவனமே, விபத்திலிருந்து மீண்டவருக்கு அவர்தம் குடும்பம் செய்யவேண்டிய பணி.

நம் வீடுகளில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். ஞானஸ்நானச் சான்றும் திருமணச் சான்றும் அதில் பத்திரமாயிருக்கும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் அப்பெட்டியிலேயே வைத்துக் காப்போமாக. விழுந்த நாள், விழுந்த உயரம், அடிபட்ட பக்கம் ஆகியவற்றை அச்சீட்டின் பின்புறத்தில் எழுதிவைப்போம். பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர், "முன்பு எப்போதாவது அடிபட்டதுண்டா?" என்று வினவும்போது, அந்த நாலு வரி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.