கப்பல்துறையில் ஒரு கூத்திரவு

கப்பல்துறை என்ற பெயரைக் கேட்டவுடன் பாய்மரங்களும் நங்கூரங்களும் நினைவில் எழுதல் இயல்பு. திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெருமை அத்தகையது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் அதன்மேற் கண் வைத்தனர்; 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. ஆயினும் நாம் அவ்வூருக்குச் சென்றது கப்பல் பார்க்கவன்று, கூத்துப் பார்க்க. தோளில் ஒரு கமரா, பையில் இரண்டு வில்லைகள், உடன் படப்பிடிப்பிற் பித்துக்கொண்ட மாணவர் மூவர். இவ்வளவே நம் பயண மூட்டை.

கூத்துத் தொடங்க இரவு ஒன்பதாகும் என்றார்கள். நாமோ மாலை ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்தோம். "இவ்வளவு நேரத்தோடு ஏன் சேர்?" என்று மாணவரில் ஒருவர் சலித்துக்கொண்டார். காரணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள நம் நாட்டில் அந்தி நீடிப்பதில்லை. கதிரவன் மறைந்து இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலானால் இருள் கவிந்துவிடும். அந்தச் சிறுபொழுதின் மென்மையான ஒளி வேறெப்போதும் வாய்க்காது. கோயிலின் பின்புறக் கொட்டிலில் அரசனுக்கு மீசை எழுதிக்கொண்டிருந்தார்கள். கையிற் பிடித்த சிறு கண்ணாடியும், பாதி வெண்மை பூசிய முகமும், அருகே ஆணியில் தொங்கிய முடியும் அந்தி ஒளியில் தாமாகவே ஓவியமாகி நின்றன. அங்கு நாம் செய்ததெல்லாம் வாயிற்பக்கம் நின்று வழி மறைக்காதிருந்ததுதான்.

பின்பு களரியைச் சுற்றிப் பார்த்தோம். கிழக்கிலங்கைக் கூத்தின் வட்டக்களரியைக் காணாத வாசகர்க்கு ஒரு சொல். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் என்பதில்லை. நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரைச் சூழ்ந்திருப்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். சனங்கள் நாற்புறமும் பாய் விரித்து அமர்வர். முன்னாளில் இக்களரிக்குத் தீப்பந்தமே ஒளி. பிறகு பெற்றோமாக்ஸ் வந்தது. இப்போது கம்பங்களிற் கட்டிய எல்.ஈ.டி. விளக்குகளும், கோயில் வாயிலில் ஒரு பழைய மஞ்சட் குமிழும். கிராமத்து இரவில் அது பெருவெளிச்சமாகவே தோன்றும். ஆனால் நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறுவதே அரிது. நம் கண்மணி விரிந்து அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. கமராவோ கண்டிப்பான கணக்கப்பிள்ளை. வந்த ஒளியை மட்டுமே பதிவு செய்யும்.

இவ்வேளையில் ஒரு முதியவர் வந்து நம் அருகில் அமர்ந்தார். ஒரு காலத்தில் அவரும் வேடங் கட்டியவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"தம்பி, எங்கட அப்பா ராசாவுக்கு ஆடின படம் ஒண்டு வீட்டில இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயரேக்க பெட்டியோட விட்டிட்டு ஓடினம். பிறகு வந்து பாத்தா வீடே இல்லை. அந்த ஒரு படந்தான் இருந்தது."

"வேறு யாரிடமாவது பிரதி இருக்காதா ஐயா?"

"அந்தக் காலத்தில ஆர் தம்பி எடுத்தது? அதுவும் பகல்ல, ஸ்ரூடியோவில நிண்டு எடுத்த படம். ஆடுற படம் இல்லை."

ஆடுகிற படம் இல்லை என்னும் அச்சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதுவே இவ்விடயத்தின் முழுச் சுமை என்று நமக்குப் பட்டது. கூத்து இரவுக்கு உரியது. ஒன்பதுக்குத் தொடங்கிப் பொழுது புலரும்வரை ஆடப்படுவது. அந்நாளைய படச்சுருளுக்கும் வில்லைக்கும் அந்த இருளைத் தாங்கும் வலு இல்லாமையால், எத்தனையோ தலைமுறைக் கூத்தரின் ஆட்டம் படமாகாமலே மறைந்தது. எஞ்சிய சில படங்களும் போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் பல குடும்பங்களின் கைவிட்டுப் போயின. இன்று கருவிக்குக் குறைவில்லை. அதனை எவ்வாறு கையாள்வது என்பதிலேதான் குறை.

எனவே வில்லையைப் பற்றிப் பேசுவோம். கமரா வாங்கும்போது உடன் தரப்படும் 18–55 மில்லிமீற்றர் லென்ஸ்தான் பெரும்பாலான மாணவரிடம் உள்ளது. பகலுக்கு அது போதும். ஆனால் தூரத்தை நெருக்கிக் காட்டும் 55இல் வைத்தால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். இந்த எண் சிறிதாகச் சிறிதாக வாய் பெரிதாகும் என்பதை நினைவிற் கொள்க. ஐம்பது மில்லிமீற்றர் கொண்ட, நெருக்கவோ விரிக்கவோ இயலாத, எஃப் 1.8 வில்லை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கமராக் கம்பனிகளும் செய்யும் எளிய வில்லை அது. விலையிலும் அவர்களுடைய பட்டியலில் அடிமட்டத்தில் நிற்பது. அது முன்னதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் விநாடியிற் பத்திலொரு பங்கு நேரம் திறந்திருந்து, ஆடுபவரின் கையும் காலும் புகையாய்க் கரையும் படம், பின்னதில் நூற்றிலொரு பங்கு நேரத்திற் கிடைத்துவிடும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200இல் வைத்தோம். படத்திற் சிறிது மணல் தூவியதுபோற் புள்ளிகள் விழும், விழட்டுமே. புள்ளி விழுந்த முகத்தை அடையாளங் காணலாம். கரைந்துபோன முகத்தை எவரால் மீட்க முடியும்?

"தூரத்தை நெருக்கும் பெரிய வில்லை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வட்டக்களரியின் அருமை இங்கேதான் விளங்கும். நாம் ஓரிடத்தில் அமர்ந்திருந்தாற் போதும். சுற்றி ஆடும் ஒவ்வொரு கூத்தரும் தாமே நம் முன்னால் வந்து போவர். ஆகவே 35, 50, மிஞ்சினால் 85 மில்லிமீற்றர். மண்டப மேடைக்கு இது பொருந்தாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டில் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக அரங்கில் ஏற்றியபோது, விடியும்வரை ஆடும் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கமே பார்க்கும் மேடைக்கு அமைத்தார். கூத்து கற்றோர் சபையில் மதிப்புப் பெற அது பெருந்துணை செய்தது. ஆனால் அத்தகைய மேடையிற் படம் பிடிப்பவர் தூரத்தில் நிறுத்தப்படுகிறார். அவருக்கு 135, அல்லது எஃப் 2.8 அளவுக்குத் திறக்கும் 70–200 வேண்டும். அதன் விலைக்கு நல்லதொரு மோட்டார்ச் சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம். எந்த வில்லை என்பதை நம் பணப்பை தீர்மானிப்பதற்கு முன் அரங்கின் வடிவம் தீர்மானித்துவிடுகிறது.

அகலத் திறந்த வாய்க்கு ஒரு விலையும் உண்டு. முழு அளவுச் சட்டகங் கொண்ட கமராவில் 85 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8இல் வைத்து நாலு மீற்றர் தூரத்திலுள்ள கூத்தரை நோக்கினால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண். முடியின் முன்விளிம்பைப் பிடித்தால் தோளணி மங்கிவிடலாம். கண்ணைப் பிடித்தல் நன்று. இருளிற் கமரா தானே குவியந் தேடி முன்னும் பின்னும் அலையும். அப்போது கூத்தர் வழக்கமாகத் திரும்பும் இடத்தை முன்னரே நிலத்திற் குறித்துக்கொண்டு, அங்கே குவியத்தை நிறுத்திக் காத்திருப்பது நம் பழக்கம்.

எட்டு மணியளவில் வீடியோ எடுப்பவர் ஒருவர் வந்து, கண் கூசும் விளக்கொன்றை நிறுத்தினார். அண்ணாவியார் பணிவாகவே அதனை அணைக்கச் சொன்னார். "தம்பி, ஆடுற பொடியனுக்குக் கால் வைக்கிற இடம் தெரியவேணும்" என்றார். நம் மாணவர்க்கு வேறு பாடமே தேவைப்படவில்லை. கமராவின் மின்வெட்டொளியும் அதே தீங்கைச் செய்யும். படத்துக்கும் அது நல்லதன்று. தூரம் இரட்டித்தால் அவ்வொளி காற்பங்காகும். ஆகவே முன்னால் இருக்கும் பார்வையாளரின் தலைகள் சுண்ணாம்பாய் வெளுக்க, பின்னால் நிற்கும் அண்ணாவியார் கரிக்குள் மறைவார். வடமோடி அரசனின் கரப்புடுப்பிலும் முடியிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பது வீணுக்கன்று. தீப்பந்தத்தின் அசையும் சுடரை வாங்கி மின்னுவதற்கென்று நம் முன்னோர் செய்த ஏற்பாடு அது. நேரெதிரே வெட்டும் ஒளியில் அவை வெறும் வெள்ளைப் பொட்டுக்கள்.

இனிமேல் வருவது சிறிது நுட்பம். மாணவர் பொறுமையுடன் படிப்பாராக. நம் நாட்டின் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைவது. அதனால் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் பல விநாடிக்கு நூறு முறை கூடிக் குறைந்து துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கமராவின் திறப்பு நேரத்தை 250இல் ஒன்று, 500இல் ஒன்று என வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். ஓசையற்ற மின்னணுத் திறப்பில் எடுத்தாற் படத்தின் குறுக்கே பட்டைகளும் விழும். நூற்றிலொன்றில் வைத்தால் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடுகிறது, குறை நீங்குகிறது. ஆனால் நூற்றிலொன்று துள்ளி ஆடும் வடமோடிக் காலுக்குப் போதுமா? போதாது.

போதாத இடத்திற் கூத்தே கைகொடுக்கிறது. ஆட்டம் ஓயாமல் ஓடுவதுபோலத் தோன்றினும், தாளம் தீர்க்கும் இடத்தில் உடல் ஒரு கணம் நிற்கும். துள்ளலின் உச்சியிலும், ஏறி முடிந்து இறங்கத் தொடங்குமுன், ஓர் இமைப்பொழுது அசைவின்மை உண்டு. அந்தக் கணத்துக்கு நூற்றிலொன்று தாராளம். அது எப்போது வரும் என்பதைக் கமரா அறியாது, மத்தளம் அறியும். ஆதலால் அரங்கேற்ற இரவுக்கு முன்பே, அடுக்குப் பார்க்கும் நாளொன்றிற் சென்று, கமராவைத் தொடாமல் உட்கார்ந்து தாளக்கட்டைக் காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாணவரில் ஒருவர் மிருதங்கம் பயின்றவர். கருவியில் மூவரிலும் எளியது அவருடையதே. ஆனால் அன்றிரவின் நல்ல படங்களில் பெரும்பகுதி அவருடையவை. கைத்தொலைபேசியில் முயன்றவருக்கு ஒப்பனைக் கொட்டிலும் பார்வையாளர் முகங்களும் அழகாக வந்தன. ஆடும் கால்கள் மட்டும் நான்காய் ஆறாய்ப் பெருகின. இரவுப் படத்துக்காக அக்கருவி பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதன் விளைவு அது.

மேலைநாட்டில் இவ்வழியைத் திறந்தவர்களில் ஒருவர் ஜெர்மானியரான எரிக் சலமன். 1920களில் எர்மனொக்ஸ் என்னும் சிறு கமரா எஃப் 2 அளவுக்குத் திறக்கும் வில்லையுடன் வெளிவந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தட்டைச் செருக வேண்டிய கருவி அது. அதனைக் கொண்டே அவர் 1928ஆம் ஆண்டு முதல் நீதிமன்றங்களையும் அரசவை மாநாடுகளையும் அங்கிருந்த விளக்கொளியிலேயே படம் பிடித்தார். பேசுவோர் ஓய்ந்து அசைவற்றிருக்கும் கணத்துக்குக் காத்திருப்பது அவர் தந்திரம். யூதராகப் பிறந்த குற்றத்துக்காக 1944ஆம் ஆண்டில் அவுஷ்விற்சில் அவரைக் கொன்றனர். நம் நாட்டில் கண்டிய நடனக்காரரை அழியாத படங்களாக்கிய லயனல் வென்ட் என்பாரும் அதே ஆண்டில், நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார்.

நள்ளிரவுக்குமேற் சிறுவர் பாயில் உறங்கிவிட்டனர். தேநீர் வந்தது. மஞ்சட் குமிழும் வெண்ணிற விளக்கும் கலந்து முகங்களில் இரு நிறம் காட்டியதால், அவற்றுட் பலவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கத் தீர்மானித்தோம். கை நடுங்காதிருக்க முழங்காலை முட்டுக்கொடுத்து அமர்ந்தோம். முக்காலியை அந்தச் சனக்கூட்டத்தில் விரிப்பது அடாத செயல்.

ஐந்தரை மணியளவிற் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியது. வாழி பாடும் நேரமும் அதுவே. வியர்வையில் ஒப்பனை கலைந்து, முடியைச் சற்றே சாய்த்து நின்ற அரசனின் ஒரு கன்னத்தில் விளக்கொளியும் மறு கன்னத்தில் விடியலின் நீலமும் படிந்தன. அது பத்து நிமிடங்கூட நிலைக்கவில்லை.

இரு வாரங்கழித்து, தேர்ந்த இருபது படங்களைக் கடதாசியில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஆடியவர் பெயர், வேடம், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, ஈரம் புகாத உறையிலிட்டு ஊருக்கு எடுத்துச் சென்றோம். முதியவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். துள்ளலின் உச்சியில் நிற்கும் அரசன் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பொடியன் என்ர பேரன்" என்றார்.