கல்லியேனஸ் காசுல ஒரு மான்

இன்னைக்கு ஒரு ரோமானியக் காசு கைக்கு வந்துச்சு.
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மேல இருந்த வெள்ளிப்பூச்சு தேஞ்சு, உள்ள இருக்கிற செம்பு தெரியுது.

எல்லாரும் அகஸ்டஸ், நீரோன்னு தேடுவாங்க.
எனக்குப் பேரரசர் கல்லியேனஸ்தான்.

கி.பி. 260ல அவரோட அப்பா வலேரியனை பாரசீக மன்னன் முதலாம் ஷாப்பூர் உயிரோடயே பிடிச்சுட்டான். மேற்கே கால் (Gaul) நாடு தனி அரசா பிரிஞ்சு போச்சு. காசுல வெள்ளி வரவரக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அந்த நெருக்கடியில, 267-268 வாக்குல, ரோம் அக்கசாலையில காசுல தெய்வங்களுக்கு உரிய மிருகங்களை அடிக்க ஆரம்பிச்சாங்க.
சூரியனுக்குச் சிறகு முளைச்ச குதிரை.
நெப்டியூனுக்கு மீன்வால் குதிரை.
டயானாவுக்கு மான்.
சுத்திவர எழுத்து: பேரரசரைக் காக்கும் டயானாவுக்கு.

காக்கலை. 268ல மிலான் முற்றுகையில சொந்த அதிகாரிங்களே சதி பண்ணிக் கொன்னுட்டாங்க.

அவசரமா அடிச்ச காசு, ஓரமெல்லாம் கோணல். ஆனா நடந்துக்கிட்டே தலையைத் திருப்பிப் பாக்குற அந்த மானோட கழுத்து வளைவு இருக்கே! அச்சு வெட்டினவன் பேர்கூட நமக்குத் தெரியாது. என்ன ஒரு கை அது!

சேகரிக்கிற நண்பர்களே, இந்த வரிசையில உங்ககிட்ட எந்த மிருகம் இருக்கு?