மெஸ்டன் ரோட்டில் ஒரு வெப்ளி

கண்ணாடி மேஜை மேல் பழைய இந்தி நாளிதழை விரித்து, அதன் மேல் மஞ்சள் ஃபிளானல் துணியைப் போட்டு, அதற்கும் மேல்தான் அதை வைத்தார் கடைக்காரர். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டை வைக்கிற பதவிசு. என் நண்பர் கையை நீட்டினார்.

"முதலில் கண்ணால் பாருங்கள், வக்கீல் சாப். அப்புறம் கையால்" என்றார் கடைக்காரர். "அசல் லண்டன் மால்."

லண்டன் இல்லை, பர்மிங்ஹாம். வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. ஆனால் கான்பூர் மெஸ்டன் ரோட்டில் கடல் தாண்டி வந்த இரும்பெல்லாம் லண்டன்தான். திருத்தினால் விலை குறையப்போவதில்லை என்பதால் நானும் சும்மா இருந்தேன்.

மெஸ்டன் ரோடு தோல் சாமான்களுக்குப் பேர்போன தெரு. செருப்பு, பெல்ட், பெட்டி, குதிரைச் சேணம். நடுநடுவே துப்பாக்கிக் கடைகள். ஒரு கடையில் பள்ளிக்கூடப் பையனுக்கு ஷூ அளவு பார்க்கிறார்கள். அடுத்த கடையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி எதிர்ச்சுவரைக் குறி பார்க்கிறார். தெருவில் போகிற யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு சரக்கும் இங்கே சேர்ந்திருப்பதில் ஆச்சரியமில்லை. பட்டாளத்துக்குச் சேணமும் பூட்ஸும் தைத்துக் கொடுத்துத்தான் இந்த ஊரே தொழில் நகரமானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கல்பி ரோட்டில் சிறு ஆயுதத் தொழிற்சாலை வந்தது.

சாலையின் பெயருக்கே ஒரு துப்பாக்கிக் கதை உண்டு. 1913இல் இந்தச் சாலையை அமைக்கும்போது மச்லி பஜார் மசூதியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடத்தை நகரசபை இடித்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். வைஸ்ராய் ஹார்டிஞ்சே நேரில் வந்து சமரசம் செய்யவேண்டியதாயிற்று: இடித்த பகுதியை உயரத் தூக்கிக் கட்டிக்கொள்ளலாம், கீழே ஜனங்கள் நடக்கலாம். அப்போது ஐக்கிய மாகாணத்தின் லெப்டினென்ட் கவர்னராக இருந்தவர் ஜேம்ஸ் மெஸ்டன். சுடப்பட்டவர்கள் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை. சாலைக்கு மெஸ்டன் பெயர்.

நண்பருக்குச் சண்டீலா பக்கம் நிலம், ஹர்தோய் கோர்ட்டில் வக்கீல் தொழில். பல வருஷங்கள் அலைந்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், தேசியப் பதிவேட்டில் தனி எண் எல்லாம் ஆகிவிட்டது. "பாயி சாப், அஸ்லஹா வாங்கப் போகிறேன். கூட வருகிறீர்களா?" என்று போன் செய்தார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு அந்த வார்த்தை போதும், கிளம்பிவிட்டேன். 'ஆயுதங்கள்' என்று பன்மையில் பொருள் தரும் அரபுச் சொல் அது. உத்தரப் பிரதேசத்தில் ஒற்றை ரிவால்வரும் அஸ்லஹாதான். கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி ஃபைல் பார்க்கும் குமாஸ்தா 'அஸ்லஹா பாபு'. மாப்பிள்ளை வீட்டார் வசதியை விசாரிக்கும்போது நிலம், டிராக்டர், அஸ்லஹா என்று ஒரே மூச்சில் கேட்பார்கள்.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 முடிவில் நாட்டில் இருந்த துப்பாக்கி லைசென்ஸ்கள் 33 லட்சத்து 69 ஆயிரம். அதில் 12 லட்சத்து 77 ஆயிரம் உ.பி.யில். தமிழ்நாட்டில் இருந்தவை ஏறக்குறைய 22,500. சென்னையில் ஒருவர் ஆயுள் முழுக்க வாழ்ந்துவிட்டு, லைசென்ஸ் துப்பாக்கியைப் பேங்க் வாசலில் மட்டுமே பார்த்துச் செத்துப்போகலாம். இங்கே அது டீக்கடைப் பேச்சு.

நண்பருக்குப் புது ரிவால்வர் கிடைக்காமல் இல்லை. கல்பி ரோட்டுத் தொழிற்சாலை 'பத்தீஸ் போர்', அதாவது .32 அங்குலத் துளை கொண்ட ரிவால்வரைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. அதுவே வெப்ளியின் நான்காம் மாதிரியைப் பின்பற்றியதுதான். 2014இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்', 2023இல் 'பிரபல்' வந்தன. இதெல்லாம் போதாதென்று, 2020இல் வெப்ளி அண்டு ஸ்காட் பெயரிலேயே ரிவால்வர் தயாரிப்பு ஹர்தோய் மாவட்டத்தில் தொடங்கியது. எந்த ஊரில்? லட்டுக்குப் பேர்போன சண்டீலாவில். நண்பரின் வயலிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடலாம்.

"சண்டீலாவில் செய்தால் அது வெப்ளியா? என் ஊர் எனக்குத் தெரியாதா?" என்கிறார் அவர்.

2025 செப்டம்பரில் ரிவால்வருக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 40 சதவீதம் ஆனது. புதுசுக்கும் பழசுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் சற்றுக் குறைந்தது என்று அவர் தன் மனைவியிடம் வாதாடினார். கேஸ் ஜெயித்ததா என்று கேட்கவில்லை.

பழசுக்கு ஏன் இத்தனை விலை என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1980களின் நடுவில் தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குக் கதவு அடைபட்டது. விளையாட்டு வீரர்களுக்கும் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களுக்கும் மட்டும் ஒரு சந்து. ஆக, அதற்குமுன் நாட்டுக்குள் வந்த வெப்ளிகள்தான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கூடுவதற்கு வழியில்லை. துரு, திருட்டு, பறிமுதல் என்று குறைய மட்டுமே வழி. போலீசும் ராணுவமும் வைத்திருந்த .38 போர் சாமானியனுக்குத் தடை என்பதால், பெரிய வெப்ளிகளை விட்டுவிட்டுப் பத்தீஸ் போர் மேலேயே அத்தனை பேர் கண்ணும். அமெரிக்காவில் சில நூறு டாலருக்கு விலைபோகும் சாமான் இது. அது பிறந்த இங்கிலாந்திலோ, டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 1997இல் கைத்துப்பாக்கிகளுக்கே தடை. ஜனங்கள் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"எவ்வளவு?" என்றார் நண்பர்.

"நாலரை" என்றார் கடைக்காரர். லட்சம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதன்பின் ஒரு மணி நேரம் நடந்தது எனக்குப் புதிய பாடம். பழைய ரிவால்வரில் பளபளப்பைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். துருவை மறைக்கச் சாணை பிடித்து மறுபடி நீலம் ஏற்றியிருப்பார்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும். கடைக்காரரே பூதக்கண்ணாடி கொடுத்தார். இதில் நீலம் பாதி தேய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது, ஆனால் எழுத்து கூர்மை. பர்மிங்ஹாம் சோதனை முத்திரை, வரிசை எண் எல்லாம் தெளிவு. லைசென்ஸ் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப்பார்த்தார் நண்பர். ஓர் இலக்கம் மாறினாலும் கோர்ட்டுக்கு அவர் வக்கீலாகப் போக முடியாது.

அடுத்து கீல். வெப்ளி நடுவில் மடியும் ஜாதி. இடதுபுறக் கொக்கியைக் கட்டை விரலால் அழுத்தினால் குழல் முன்னால் கவிழும். உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். அழகான ஏற்பாடு, அதுவே பலவீனமும். வருஷக்கணக்கில் மடக்கி மடக்கிக் காட்டியே கீலைத் தளரவிடுகிறவர்கள் உண்டு. நண்பர் மூடிய ரிவால்வரைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். சத்தமில்லை. குதிரையை இழுத்துப் பிடித்து உருளையை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. தோட்டா அறை ஒவ்வொன்றும் குழலுக்கு நேராக வந்து நிற்கவேண்டும். ஒரு மயிரிழை தவறினால் குண்டு விளிம்பில் உரசும். குழலுக்குள் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்வரிகள் சுத்தமாக இருந்தன. இது அதிகம் சுடாத துப்பாக்கி. பெட்டியில் படுத்தே கிழமானது.

"யாருடையது?" என்றேன் நான்.

கைப்பிடியில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. அதில் ஒரு பெயர், பக்கத்தில் 'ஸ்வர்கீய்'. காலமானவர். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவர் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி எடுத்துக்கொள்ளலாம், அல்லது லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்கச் சம்மதம் தரலாம். கெடு தாண்டினால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தபோதும் இந்தக் கடைகளில் சரக்கு குவிந்தது. ஆனால் அப்போது ஜனங்கள் தள்ளிவிட்டது நாட்டு இரட்டைக்குழல்களை. வெப்ளியை உயிரோடு இருக்கிறவன் விற்கமாட்டான்.

சொந்தக்காரர் வீடு உன்னாவ் பக்கம் என்பது லைசென்ஸ் புத்தகத்திலேயே இருந்தது. வாரிசின் கையெழுத்தை நேரில் பார்க்காமல் முன்பணம் தரமாட்டேன் என்று நண்பர் வக்கீல் புத்தியைக் காட்டினார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

கங்கையைத் தாண்டினோம். பக்கத்தில் பழைய பாலம். 2021இல் மூடப்பட்டு, 2024இல் ஒரு பகுதி ஆற்றில் விழுந்த வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். காரில் நண்பர் கணக்குப் போட்டார். "கடைக்காரன் என்னிடம் நாலரை சொல்கிறான். அந்த அம்மாளுக்கு எவ்வளவு சொல்லியிருப்பான்? நேராக இரண்டு என்று பேசிவிட்டால் அவருக்கும் லாபம், எனக்கும் லாபம்."

எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். முற்றத்தில் கயிற்றுக் கட்டில், கொய்யா மரம். மகன் பெங்களூரில். அவனுக்கு இது வேண்டாமாம். தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து கட்டிலில் கொட்டினார். ஸ்டேஷன் நோட்டீஸ், தனி எண் கேட்டுக் கடிதம், கடையில் பாதுகாப்புக் கட்டணம் செலுத்திய ரசீதுகள். பாதி இங்கிலீஷ்.

"இவர் இருந்தபோது ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். அதற்காக மட்டும்தான் அது வெளியே போகும். இவர் போனபிறகு நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது, பேட்டா?"

பையிலிருந்ததை நான் ஒவ்வொன்றாகப் படித்து இந்தியில் சொன்னேன். ஒரு கடிதத்தில் கெடு இருந்தது. மூன்று மாதம் கூட மீதியில்லை.

"கடையில் எவ்வளவு தருகிறேன் என்றார்கள், அம்மாஜி?" என்றார் நண்பர்.

"ஒண்ணேகால். அதில் ரசீதுப் பாக்கியைக் கழித்துக்கொள்வார்களாம்."

நண்பர் வாயைத் திறந்தார். இரண்டு என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. எனக்கு இதில் எந்த வேலையும் இல்லை. துப்பாக்கி வாங்குவதே எனக்கு உடன்பாடில்லாத விஷயம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மாடியில் நின்ற குழந்தை செத்த செய்திகளை எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த 2019 திருத்தம் அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று போட்டும் செய்தி நிற்கவில்லை. ஆனால் அப்போது மடியில் கிடந்தது அந்தக் கடிதம்.

"கடையில் எங்களிடம் நாலரை கேட்கிறார்கள், அம்மாஜி" என்றேன்.

கொய்யா மரத்தில் கிளி கத்தியது நினைவிருக்கிறது. அம்மாள் கோபப்படவில்லை. "கூட இருக்கும் என்று தெரியும். எவ்வளவு கூட என்றுதான் தெரியாது" என்றார். பிறகு நண்பரைப் பார்த்தார். "உங்களுக்குப் பையன் இருக்கிறானா?"

"இருக்கிறான். காலேஜ்."

"சாவியை அவன் கண்ணில் காட்டாதீர்கள். இவர் என்னிடம்கூடக் காட்டியதில்லை. போனபிறகு பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம்."

பேரம் மூன்றரையில் முடிந்தது, கடைக்காரரின் கமிஷன் அதற்குள்ளேயே. திரும்பும் வழியில் பாலம் வரும்வரை நண்பர் பேசவில்லை. பாலத்தின் நடுவில், "பாயி சாப், உங்களைக் காரில் ஏற்றியதற்கு எனக்கு ஒன்றரை லட்சம் செலவு" என்றார். சிரித்தாரா என்று கவனிக்கவில்லை.

கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் பக்கத்தையும் சொல்லவேண்டும். வருஷக்கணக்கில் இரும்பு அலமாரியில் அடைகாத்து, மாதம் தவறாமல் பதிவேடு எழுதி, போலீஸ் சோதனைக்குப் பதில் சொல்லி, கடைசியில் வாரிசு வராமல் சர்க்காருக்குப் போகும் துப்பாக்கிகளே அதிகம் என்றார். "ஒரு வெப்ளியில்தான் ஐந்து இரட்டைக்குழல் நஷ்டத்தை எடுக்கிறேன். சாயா குடிப்பீர்களா?"

குடித்தோம். இரண்டு ஜில்லாவிலும் ஃபைல் நகர வேண்டும், அஸ்லஹா பாபு மனசு வைக்கவேண்டும், பிறகுதான் நண்பரின் லைசென்ஸ் புத்தகத்தில் எண் ஏறும். அதுவரை ரிவால்வர் கடையிலேயே இருக்கும், கட்டணத்தோடு. கடைக்காரர் மெல்லிசாக எண்ணெய் தடவி, அதே மஞ்சள் துணியில் சுற்றினார். சீட்டைக் கழற்றவில்லை. காலமானவரின் பெயர் வெளியே தெரியும்படி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.