நள்ளிரவு 12 முதல் 5.30 வரை

நான் ஒரு சம்பளப் பட்டியல் மென்பொருளுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுகிறேன். அலுவலகம் சென்னையில், நான் திருவண்ணாமலையில். மகள் பிறந்தபின் வீட்டிலிருந்தே வேலை. பகலெல்லாம் மீட்டிங், சமையல், பள்ளி, மாமியாரின் மாத்திரை. மூளையைச் செலுத்திச் செய்யவேண்டியது இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஆரம்பிக்கும்.

விடுப்பு நாளைக் கணக்கிடும் மூன்று டெஸ்டுகள் என் கணினியில் மட்டும் தோற்றன. அலுவலகத்தில் யார் ஓட்டினாலும் பச்சை. மாலை ஆறு மணிக்கு சர்வர் தானாக ஓட்டும்போதும் பச்சை. “உங்க மெஷின் செட்டிங்ஸைப் பாருங்க மேடம்” என்றார் மேலாளர். அடுத்த வாரம், “வீட்ல இருந்து பண்றதுன்னா இப்படித்தான், கொஞ்ச நாள் ஆபீஸ் வந்து பாருங்களேன்” என்றார். சென்னையில் ஹாஸ்டல் அறை எடுத்துத் தங்கு, அல்லது வேலையை விடு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தோற்ற டெஸ்டைத் தனியாக ஓட்டினால் ஜெயிக்கிறது, கூட்டத்தோடு ஓட்டினால் தோற்கிறது. அப்படியென்றால் முன்னால் ஓடிய ஏதோ ஒன்று எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. பாதிப் பாதியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்ததில் நான்கு இரவுகளில் அது அகப்பட்டது. வெளிநாட்டுக் கிளைக்காக ஒருவர் எழுதிய டெஸ்ட் அது. நேர மண்டலத்தை யுடிசிக்கு மாற்றி, பைத்தானின் டிஇசட்செட் செயல்கூறை அழைக்கிறது. முடிவில் சூழல் மாறியை மட்டும் அழித்துவிட்டு, டிஇசட்செட்டை மறுபடி அழைக்காமல் விட்டிருந்தார். பெயர்ப்பலகையை மாற்றியாயிற்று, உள்ளே இருப்பவருக்குச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஓடியவை எல்லாம் யுடிசியிலேயே ஓடின.

நம் நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். நமக்கு நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறும். யுடிசியில் அது மாறும்போது இங்கே காலை 5.30. அந்த இடைவெளியில் மட்டும் இரண்டு தேதிகளும் ஒத்துப்போகாது. பகலில் ஓட்டுபவருக்கு இந்தப் பிழை பிறவியிலேயே தெரியப்போவதில்லை. வீடு தூங்கியபின் உட்காருகிறவளுக்குத்தான் தெரியும்.

இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற உறவினர்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு நைட்டி போய்ப் புடவை வரும், என் மேசை சுவரோரம் போய்ப் பாய் விரிக்கப்படும், ஹெட்செட் அலமாரிக்குள். அவர்கள் பஸ் ஏறியதும் வீடு தானாகப் பழையபடி ஆகிவிட்டதாக எல்லோருக்கும் நினைப்பு. மேசையை இழுத்துப்போடுவது ஓர் ஆள் செய்கிற வேலை என்று யார் கண்ணிலும் படுவதில்லை. (தீபத்தன்று மாலை கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடுவார். பாதி உடம்பு பெண்ணாக இருக்கும் அமைப்புக்கு எங்கள் ஊரில் வருடத்துக்கு அவ்வளவுதான் நேரம்.)

பழையபடி வைப்பதை டெஸ்டின் கடைசி வரியில் எழுதுவது ஆபத்து. நடுவில் தோற்றால் அந்த வரி ஓடாது. டியர்டவுனில் எழுதலாம், ஆனால் செட்அப்பே பாதியில் விழுந்தால் டியர்டவுனை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆட்கிளீனப் அப்படியில்லை. அதில் பதிந்துவைத்தது எது விழுந்தாலும் ஓடும், ஆனால் தலைகீழ் வரிசையில். அடுக்கிய பாத்திரத்தில் கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வருவதுபோல. அதனால் டிஇசட்செட்டை முதலில் பதிந்தேன், மாறியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதைப் பிறகு. ஓடும்போது மாறி முதலில் திரும்பும், அப்புறம் டிஇசட்செட் அதைப் படிக்கும்.

மொத்தம் நான்கு வரி. கூடவே குறிப்பில், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை தோற்கும் என்றும் எழுதி அனுப்பினேன். “அந்த நேரத்துல யாருங்க வேலை செய்வா?” என்று மதிப்பாய்வில் ஒருவர் கேட்டிருந்தார். கீழே என் பெயரைப் போட்டேன்.

ஆபீஸ் வரச்சொன்ன பேச்சு அதோடு நின்றது. மேலாளர் குழுவில் “சூழல் பிரச்சினை சரிசெய்யப்பட்டது” என்று ஒரு வரி போட்டார். யாருடைய சூழல் என்று போடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சர்வர் இரவு ஒரு மணிக்கும் ஒருமுறை ஓட்டுகிறது.